கீத்துக்கு வைத்த தட்டு

உள்ளே எதையும் உணராத ஒருத்தியால் துக்கம் காக்க முடியுமா? லொரெய்ன் கிராப்ட்ரீயை அந்த வருடம் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருந்திருக்காது.

இங்கிலாந்தின் டாட்மார்டன் ஊரில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். நல்ல சமையல்காரி என்று சொல்ல முடியாது, நேரம் தவறாதவள். கணவன் கீத் பஸ் ஓட்டினான். மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் காலையில், ஒரு காலில் மட்டும் காலுறை மாட்டியபடி கட்டிலில் சாய்ந்தான், அவ்வளவுதான். லொரெய்ன் ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். பிறகு இன்னொரு காலுறையையும் மாட்டிவிட்டாள். அழவில்லை. அடக்கம் முடிந்த மறுவாரம் முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள்.

பெவர்லி நடத்திய, சூனியக்கார மரபில் வழிபடும் விக்கா வட்டத்தில் அவள் பதினெட்டு வருடமாக இருந்தாள். மொத்தம் ஏழு பேர். அக்டோபர் கடைசி நாள் சௌவின் பண்டிகை. அன்று இறந்தவர்களைப் பெயர் சொல்லி அழைத்து, அவர்களுக்கும் தட்டு வைத்து, வாய் திறக்காமல் சாப்பிடுவார்கள். யார் வீட்டில் சாவு விழுந்ததோ அவரே அழைக்க வேண்டும். வேறு வாயிலிருந்து வந்தால் இறந்தவருக்குக் கேட்காது என்பது அந்த வட்டத்தின் நம்பிக்கை.

மதியம் பெவர்லியின் அடுப்பில் ஈரலும் வெங்காயமும் வதக்கிக்கொண்டே லொரெய்ன் கேட்டாள்.

"பேரச் சொன்னா போதுமா, பெவ்?"

"போதும். மூணு தடவ."

"சாப்பாட்டு ஜன்னல்ல நின்னு 'அடுத்த ஆளு'ன்னு கத்துவேனே, அந்தக் குரல்தான் வரும். உள்ள ஒண்ணுமே இல்ல. அப்படிக் கூப்பிட்டா பொய்தானே?"

ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்த டெஸ்மண்ட், ஓய்வுபெற்ற தபால்காரர், தலை நிமிராமல் சொன்னார்: "முப்பது வருஷமா அந்தக் குரலத்தானே கேட்டான்? கொஞ்சிக் கூப்பிட்டா எவளோன்னு பயந்து ஓடிருவான்."

"அவன் வரவே மாட்டான், டெஸ். நமக்கு அவன் வெச்ச பேரு தெரியுமில்ல?"

"தொடப்பக்கட்டைக் கோஷ்டி."

மூவரும் சிரித்தார்கள். லொரெய்னுக்குச் சிரிப்பு மட்டும் தடையில்லாமல் வந்தது.

சிரிப்பு அடங்கியதும் பெவர்லி அவள் தோளைத் தொட்டாள். "செத்த வருஷத்துச் சௌவின் ஒரு தடவதான் வரும், கண்ணு. இன்னிக்குக் கூப்பிடலன்னா அடுத்த வருஷம் அவனுக்குத் தட்டு கிடையாது. யோசிச்சுக்கோ."

ஐந்து மணிக்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. தோட்டத்தில் வலமாக மூன்று சுற்றுச் சுற்றி, எல்லோரும் இறந்தவர்களின் திசையான மேற்கைப் பார்த்து நின்றார்கள். டெஸ்மண்ட் தன் அக்காவை அழைத்தார். இரண்டாம் தடவையே குரல் உடைந்தது. அடுத்து லொரெய்ன். அவள் வாயைத் திறந்தாள். தொண்டை அடைக்கவில்லை, கண் கலங்கவில்லை. பெயர் நாக்கில் தயாராகவே இருந்தது. வாயை மூடிக்கொண்டாள். பெவர்லி பத்து மூச்சு நேரம் காத்திருந்துவிட்டு வீட்டுக்குள் நடந்தாள்.

வாசல் தாண்டினால் பேச்சு கிடையாது. அந்த இரவுக்கு எல்லாம் தலைகீழ். சுட்ட ஆப்பிளை முதலில் சாப்பிட்டார்கள், சூப் கடைசியில். மேசையின் தலைப்பக்கத்தில் இறந்தவர்களுக்கான நாற்காலி, கறுப்புத் துணி போர்த்தியிருந்தது. அதன் முன்னால் டெஸ்மண்டின் அக்காவுக்கு ஒரு தட்டு. பக்கத்தில், அழைக்கப்படாத கீத்துக்காக முன்பே வைத்துவிட்ட ஈரல் தட்டு. அந்தத் தட்டுகளை உயிரோடிருப்பவர் தொடக் கூடாது. சாப்பாடு முடிந்ததும் தோட்டத்துக் கோடியில் வைப்பார்கள், நரி தின்னும்.

சூப் வருவதற்கு முன் லொரெய்ன் எழுந்தாள். நாற்காலித் துணியை எடுத்து நான்காக மடித்து ஓரமாக வைத்தாள். உட்கார்ந்தாள். கீத்தின் தட்டை இழுத்துச் சாப்பிடத் தொடங்கினாள். யாரோ கரண்டியைத் தவறவிட்டார்கள். பெவர்லியின் கை பாதி உயர்ந்து நின்றது. தடுக்க வேண்டுமானால் பேச வேண்டும். ஈரல் வாடையே ஆகாமல், கீத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு சமைத்தே பழகியவள் லொரெய்ன். ஒரு துண்டு விடவில்லை. குழம்பை ரொட்டியால் வழித்தும் தின்றாள்.

மெழுகுவர்த்தியை அணைத்து, பேசலாம் என்றான பிறகு, பாத்திரம் கழுவும் இடத்தில் டெஸ்மண்ட் மெல்லக் கேட்டார்: "அவனுக்கு வெச்சத ஏம்மா தின்ன?"

"உப்பு கம்மி," என்றாள் லொரெய்ன், தட்டைத் துடைத்துக்கொண்டே.

அதற்குப் பிறகும் பதினோரு வருடம் அவள் அந்த வட்டத்துக்கு வந்தாள். இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.