காற்று ஏறிய கழுத்து

டாக்டர் தொழிலில் நோயைச் சமாளிப்பதைவிட, வீட்டார் அதற்கு வைத்துக்கொண்டு வருகிற பெயரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கிற உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

தங்கம் போட்ட நிமோனியா

பென்சிலின் வராத காலம். மதுரையில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் இருந்தேன். வாடிப்பட்டிப் பக்கத்துச் சம்சாரி மாயாண்டியை வில்வண்டியில் கொண்டுவந்தார்கள். விஷக்காய்ச்சல் நெஞ்சில் இறங்கி நிமோனியா ஆகியிருந்தது. இருமி இருமிக் கழுத்தும் கன்னமும் உப்பிக் கிடந்தன. வீட்டில் அதைப் பொன்னுக்கு வீங்கி என்று முடிவுகட்டி, தங்கம் பட்டால் வற்றிவிடும் என்று மனைவி பேச்சியம்மாளின் சங்கிலியை மாட்டிவிட்டிருந்தார்கள். மூச்சுத் திணறிய பிறகுதான் வண்டி பூட்டியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பேச்சியம்மாள் அழுதுகொண்டே சொன்னாள்: “ஒத்தைச் சங்கிலிக்கு இம்புட்டு வீக்கம் அடங்காதுன்னு, எங்க அக்கா சங்கிலியையும் கேட்டுவிட்ருக்கேன் சாமி.”

என் வாய் சும்மா இருக்கவில்லை

வீக்கத்தை அழுத்தினேன். விரலுக்கடியில் நறநறவென்றது. பொன்னுக்கு வீங்கி அப்படி நறநறக்காது. புத்தகத்தில் படித்ததோடு சரி, கண்ணால் கண்டதில்லை. இருமிய வேகத்தில் நுரையீரல் எங்கோ கிழிந்து, காற்று கசிந்து தோலுக்கடியில் ஏறியிருந்தது. கிழிசல் தானாக மூட வேண்டும். அதுவரை இருமக் கூடாது. இன்னும் கிழிந்தால் ஆள் தங்கமாட்டார். இருமலை அடக்க மருந்து கொடுத்துவிட்டு வெளியே வந்து, எளிமையாகச் சொல்கிறேன் பேர்வழி என்று, “உடம்புக்குள்ள காத்து புகுந்திருக்கு” என்றேன். பேச்சியம்மாளின் அண்ணன் கருப்பையா தொடையில் தட்டினார்: “உச்சி வேளையில சுடுகாட்டு வழியா வராதீக மாப்ளன்னு அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே!”

கோடாங்கி வந்தார்

மறுநாள் வார்டு வாசலில் உடுக்கையோடு கோடாங்கி நின்றார். பேய் ஓட்டட்டும், எனக்கொன்றுமில்லை. ஆனால் அவர் கையில் சாம்பிராணிச் சட்டி புகைந்தது. அந்தப் புகையில் மாயாண்டி பலமாக இருமினால் எல்லாம் முடிந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ, சட்டியை வெளியே வைத்துவிட்டு, மந்திரித்த கயிற்றை மட்டும் மாயாண்டிக்குக் கட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

நாளாக நாளாக வீக்கம் வடிந்தது. ஒரு நாள் காலையில் கழுத்தை அழுத்தினேன், சத்தமே இல்லை. காற்று வற்றிவிட்டது, மூச்சும் சீராக வந்தது. அப்பாடா என்று கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பேச்சியம்மாள் என் முகத்தையே பார்த்தாள்: “எங்க வீட்டு ஆளு தெளிஞ்சுட்டாக; நீங்கதான் பேயறைஞ்ச மாதிரி இருக்கீக, ஒங்களுக்கும் ஒரு கயிறு கட்டச் சொல்லவா?”

ஆள் பிழைத்த சந்தோஷத்தில் நானும் கையை நீட்டிவிட்டேன் என்பதை மட்டும் மருத்துவ உலகம் மன்னித்துக்கொள்ள வேண்டும்.