வெளிப்பூச்சுக்கு மட்டும்

அச்சகத்தில் அவருக்குப் பெயர் ‘ஒற்று’. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டோடு சரி. மருந்து லேபிள் அச்சடிக்கும் அச்சகம் அது. இருபத்தாறு வருடமாக அங்கே பிழை திருத்துகிறார். க், ச், த், ப் எங்கே விழவேண்டும், எங்கே விழக்கூடாது என்பதில்தான் உலகமே நிற்கிறது என்று நம்புகிற மனிதர். ‘வெளிபூச்சுக்கு மட்டும்’ என்று ப் இல்லாமல் வந்த பத்தாயிரம் லேபிள்களைக் குப்பைக்கு அனுப்பவைத்து முதலாளியிடம் வசவு வாங்கியவர். அவர் தாளின் மூலையில் சிவப்புப் பேனாவால் ‘அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் மெஷின் ஓடாது. முதலாளியே வந்து நின்றாலும் மெஷின்காரர் சுவிட்சைத் தொடமாட்டார்.

இப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் ஒரு வார்த்தை கவிழ்த்துவிட்டது. நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

இளவயதில் சைக்கிள் சறுக்கி, நடுக்கம்பியில் கவட்டை அடிபட விழுந்தவர் அவர். இரண்டு நாள் ரத்தம் போனது, நின்றது, மறந்துவிட்டார். உள்ளே ஆறிய காயம் மறக்கவில்லை. ஐம்பதை நெருங்கும்போது சிறுநீர்க் குழாய் தழும்பேறிச் சுருங்கிக்கொண்டே வந்தது. அச்சகத்தின் பின்பக்கக் கழிப்பறையில் கால்மணி நேரம் நிற்பார். சொட்டுச் சொட்டாக வரும்.

“என்ன அண்ணே, உள்ளயும் பிழை திருத்துறீங்களா?” என்று மெஷின்காரர் வெளியிலிருந்து கேட்பார்.

சிரித்துக்கொண்டே வருவார். அடிவயிறு கல்லாக இருக்கும்.

ஆஸ்பத்திரியில் உள்ளே கேமரா விட்டுத் தழும்பை வெட்டி வழி செய்தார்கள். எட்டே மாதத்தில் மறுபடி அடைத்தது. மறுபடி வெட்டினார்கள். இந்தத் தழும்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வெட்டிய வெட்டே ஆறி இன்னொரு தழும்பாகிவிடும்.

“மூணாவது தடவையும் அடைச்சா வெட்டிப் பிரயோஜனம் இல்ல” என்றார் டாக்டர். “கன்னத்துக்கு உள்பக்கம் இருக்கிற தோலை எடுத்து அங்க வச்சுத் தைக்கணும். பெரிய ஆபரேஷன். அது வேணாம்னா சொல்றதைச் சரியா செய்யுங்க. தினம் ஒருதரம் இந்த மெல்லிசு டியூபை உள்ள விட்டு எடுக்கணும். இந்த ஆயின்மென்டை அந்த இடத்துல தடவணும். தழும்பு கட்டாது.”

எந்த இடம் என்று ஒற்றுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அறையின் திரை பாதி திறந்திருந்தது. வாசலில் நான்கு பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள், அதில் ஒரு பெண் ஃபைலோடு உள்ளே ஒரு காலை வைத்துவிட்டாள். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாகிவிட்டது. கேள்வியை மென்று விழுங்கிவிட்டு வெளியே வந்தார்.

அவர் மனைவி பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்ப்பவள், எதையும் இரண்டு தரம் கேட்பவள்.

“எங்க தடவணுமாம்?”

“அந்த இடத்துலயாம்.”

“அதான் எங்கங்க?”

ஒற்று பூதக்கண்ணாடியை எடுத்தார். ஆயின்மென்ட் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது: வெளிப்பூச்சுக்கு மட்டும். ப் இருந்தது. ச் இருந்தது. க் இருந்தது.

“பாரு, தெளிவா போட்டிருக்கான். வெளியிலதான்” என்றார். ஒற்று சரியாக இருந்தால் அவருக்கு அது சத்தியவாக்கு.

அன்றிலிருந்து ஆறு மாதம், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு டியூபை வெறும் தண்ணீரில் நனைத்து உள்ளே விட்டார். மருந்தை வெளியே தோலில் தடவினார். ஒருநாள் தவறவில்லை. காலண்டரில் தினமும் ஒரு சிவப்பு டிக். தோல் வெங்காயச் சருகாக மெலிந்து எரிந்தபோதுகூட, மருந்து வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனால் ஐந்தாம் மாதமே சிறுநீர் நூலாக இளைத்திருந்தது. ஆறாம் மாதம் டாக்டர் மறுபடி கேமரா விட்டுப் பார்த்தார்.

“ஒழுங்கா தடவினீங்களா?”

“ஒருநாள்கூட விடல டாக்டர்.”

“டியூப் மேல தடவித்தானே உள்ள விட்டீங்க?”

ஒற்று மலங்க மலங்க விழித்தார். “டியூப் மேலயா?”

“படிச்சவர்தானே நீங்க! வெளியில தடவினா உள்ள இருக்கிற தழும்பு எப்படிக் கேக்கும்?”

“வெளிப்பூச்சுக்கு மட்டும்னு போட்டிருந்தது.”

“அது தோல் மருந்து, கம்பெனிக்காரன் அப்படித்தான் போடுவான். நாங்க இதுக்கு உள்ள உபயோகிக்கிறோம். அன்னைக்கே சொன்னேனே!”

சொன்னாராம்! என்ன சொன்னார்? ‘அந்த இடம்’ என்றார். ஆண்குறி என்று சொல்ல வாய் கூசியது, சிறுநீர்க் குழாய் என்று சொல்ல வாய் கூசியது. அங்கேயே இரண்டு தரம் கத்தி வைக்க மட்டும் கை கூசவில்லை. அரை நிமிடத்தில் பூசி மெழுகிவிட்டு, கெட்ட பெயரை மட்டும் தடவியவன் தலையில் கட்டினார். மூன்று வாரம் கழித்து ஆபரேஷன் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது, கூட வந்திருந்த மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “ஒரே ஒரு வார்த்தை” என்றாள். “அதைச் சொல்லியிருந்தா போதுமே.”

“நானும் கேக்கலையே” என்றார் ஒற்று. தன்மேலேயே வந்த அந்தக் கோபம்தான் அவரைத் தூங்கவிடவில்லை.

இரண்டாம் வாரம் அச்சகத்துக்கு ஒரு வேலை வந்தது. அதே ஆஸ்பத்திரி. இதே நோய்க்காரர்களுக்குக் கொடுக்க இரண்டாயிரம் துண்டுத்தாள். ஒற்றின் மேஜைக்குத் தாள் வந்தது: ‘மருத்துவர் அறிவுறுத்தியபடி மருந்தை உரிய இடத்தில் மென்மையாகத் தடவவும்.’

‘அந்த இடம்’ கோட்டு மாட்டிக்கொண்டு ‘உரிய இடம்’ ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

“எத்தனை பிழை?” என்று முதலாளி வந்து கேட்டார்.

“ஒண்ணுகூட இல்ல. அதான் வயித்தெரிச்சல்.”

“அப்ப கையெழுத்தைப் போடுங்க.”

“மாட்டேன்.”

முதலாளிக்கு விஷயம் பாதிதான் தெரியும். “நம்ம வேலை எழுத்துப்பிழை பாக்கறது. டாக்டருக்கு வைத்தியம் சொல்லித்தர்றது இல்ல” என்று சத்தம் போட்டார்.

“சரி, நீங்களே ‘அச்சிடலாம்’னு எழுதி ஓட்டிக்கோங்க.”

முதலாளி மெஷின்காரரைப் பார்த்தார். மெஷின்காரர் மின்விசிறியை இதுவரை பார்க்காதவர்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் முதலாளி டாக்டருக்கு ஃபோன் போட்டு, “நீங்களே பேசித் தொலைங்க” என்று ஒற்றின் கையில் கொடுத்தார்.

“அப்படியே பச்சையா போட்டா பேஷன்ட் கூச்சப்படுவாங்கய்யா” என்றார் டாக்டர்.

“கூச்சப்படட்டும் டாக்டர். கூச்சத்துல யாரும் சாகமாட்டாங்க. நான் கூச்சப்பட்டுக் கேக்காம வந்தேன், நீங்க கூச்சப்பட்டுச் சொல்லாம விட்டீங்க. இப்ப யாரோட கன்னத்தை அறுக்கப் போறீங்க?”

“சரி, எப்படிப் போடணும்கிறீங்க?” என்றார் டாக்டர்.

ஒற்று எழுதி வைத்திருந்ததை எழுந்து நின்று வாசித்தார். “‘மருந்தை டியூபின் மேல் தடவி, ஆண்குறியின் துளை வழியாகச் சிறுநீர்க் குழாய்க்குள் விடவும். வெளியே தோலில் தடவக் கூடாது. பெட்டியில் வெளிப்பூச்சுக்கு மட்டும் என்று இருந்தாலும், உங்களுக்கு இது உள்ளேதான்.’”

தாள் மடிக்கும் மேஜையில் இருந்த இரண்டு பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

“போட்டுக்கோங்க” என்றார் டாக்டர்.

ஒற்று ‘அச்சிடலாம்’ என்று எழுதிய அழுத்தத்தில் தாள் கிழிந்துவிட்டது.

ஆனால் அவருக்கு அது காலம் கடந்த திருத்தம். சொன்ன நாளில் ஆபரேஷன் நடந்தது. இடது கன்னத்தின் உள்பக்கம் தோலை எடுத்துத் தைத்திருந்தார்கள். வீங்கிய வாயைத் திறக்க முடியாமல் கட்டிலில் கிடந்தார். மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டிலில் இருந்த லாரி டிரைவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இதே தழும்பை முதல் தடவை வெட்டிக்கொண்டவர், முப்பது வயதுகூட இருக்காது. நர்ஸ் டியூபையும் ஆயின்மென்டையும் துண்டுத்தாளையும் அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

டிரைவர் தாளை ஒரு பார்வை பார்த்தார். காது சிவந்துபோனது. நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகினார்.

“படிச்சீங்களா தம்பி?” என்று ஒற்றின் மனைவி கேட்டாள்.

“படிச்சேன்க்கா.”

“எங்க தடவணும்?”

டிரைவர் தரையைப் பார்த்தார். “அதான்க்கா... அந்த இடத்துல.”

கட்டிலின் இரும்புக் கம்பியில் படார் என்று ஒரு அடி விழுந்தது. ஒற்றுதான். தையல் போட்ட கன்னத்தோடு எழுந்து உட்கார்ந்திருந்தார். வாய் திறக்கவில்லை, கண்ணில் தண்ணீர் முட்டியது. தாளை எடு என்று விரலால் காட்டினார். டிரைவர் தயங்கியதும் மறுபடி கம்பியில் அடித்தார். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

டிரைவர் தாளைப் பிரித்து முணுமுணுவென்று வாசித்தார். “டியூப் மேல தடவி... ஆண்குறியின் துளை வழியா... சிறுநீர்க் குழாய்க்குள்ள.”

ஒற்று கையை இறக்கவில்லை.

“காது கேக்கலையாம் அவருக்கு” என்றாள் மனைவி. “சத்தமா படிங்க தம்பி.”