பிழைச் செய்தியில் என் பெயர்

லினக்ஸ் கணினிகளில் ஓடும் ஓர் இலவசத் தட்டச்சு மென்பொருளை நான்தான் பராமரிக்கிறேன். அது முடங்கினால் திரையில் "தொடர்புக்கு: ஞானசேகரன்" என்று வரும். பெருமைக்காக நானே போட்ட வரி.

இன்று வாடகை ஒப்பந்தம் அடிக்க, செங்கல்பட்டு கோர்ட் பக்கம் ஒரு டைப்பிங் கடைக்குப் போனேன். கடைக்கார அக்கா கொதித்துக்கொண்டிருந்தார்.

"காலையிலேர்ந்து அடிச்ச ஜாமீன் மனு பூட்ச்சு. எப்ப பாரு, இந்த ஞானசேகரன் பேரு வந்தா ஃபைல் காலி. யாருன்னே தெரியல."

தம்பியின் ஜாமீனுக்காகக் காத்திருந்த நெம்மேலிக்காரர் எழுந்தார். என்னைப்போல் இரண்டு மடங்கு ஆள். "எங்க கீறான்னு மட்டும் சொல்லுக்கா."

நான் அவசரமாகத் திரைப்பக்கம் குனிந்தேன்.

"அதே ஃபோல்டர்ல இன்னொரு காப்பி தானா சேவ் ஆயிருக்கும், பாருங்க" என்றேன். நல்லவேளை, இருந்தது.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு எப்படி சார் தெரியும்?"

"எங்கயோ படிச்சேன்."

"சரி, அக்ரிமெண்ட்டுக்குப் பேரு சொல்லு."

நெம்மேலிக்காரரும் என்னைப் பார்த்தார்.

மனைவியின் பெயரைச் சொன்னேன். ஒப்பந்தப்படி, ஊரப்பாக்கம் வாடகை வீட்டில் இனி அவள்தான் குடித்தனக்காரர். நான் உடன் தங்கியிருப்பவன். அவளிடம் என்ன காரணம் சொல்லலாம் என்று யாராவது சொல்லுங்கள். பதிலில் என் பெயரை மட்டும் போட வேண்டாம்.