பாதி ஈரலுக்கு ஒரு கிடாவெட்டு

என் ஈரலில் பாதிக்கு மேல் இப்போது என் அக்காவின் வயிற்றில் இருக்கிறது. காபிகூட அளவாகக் குடிக்கிற அவளுக்கு ஈரல் சுருங்கிப்போனது. கல்யாணம், காதுகுத்து, எழவு என்று ஒன்றுவிடாமல் குவார்ட்டர் போட்ட எனக்கு நன்றாக இருந்தது. சாமி கொஞ்சம் அசந்துவிட்டது போலிருக்கிறது. சில மாதம் குடியை நிறுத்த வைத்து, அப்புறம் அறுத்தார்கள்.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். மிச்ச ஈரல் சில மாதங்களில் வளர்ந்து கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வந்துவிடும். ஆனால் வளருகிற ஈரலில் சாராயம் பட்டால் வளர்ச்சி கெடும், கொழுப்பு சேரும், தழும்பேறும். இரண்டு பேருமே தொடக் கூடாது. நான் வயலில் மிளகாய் போடுகிறவன். நட்ட நாற்றுக்கு உப்புத்தண்ணீர் பாய்ச்சுவது போல என்று புரிந்துகொண்டேன். ஊருக்குள் பரவியது முதல் விஷயம் மட்டும்தான்.

மூன்றாம் மாதம், அக்கா பிழைத்ததற்காக அவள் புருஷன் மாரியூர் பக்கம் நேர்த்திக்கடன் கிடா வெட்டினார். மச்சான் தங்கமான மனிதர், மூளைதான் கொஞ்சம் கம்மி. வெட்டிய கிடாயின் ஈரலை வறுத்து முதல் மரியாதையாக ஒருவருக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு எனக்கு. கருவேலங்காட்டு மறைவில் ஆம்பளைகள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஈரல் வந்தது, கூடவே பிராந்தியும்.

"ஈரலுக்கு ஈரல் மாப்ள, தின்னா வளந்துரும். இது செரிக்கிறதுக்கு," என்று ஊற்றினார்.

"டாக்டர் வேணாம்னாரு மச்சான்."

"அதான் வளரும்ல! பெறகென்ன?"

உடனே பங்காளிகள் அத்தனை பேரும் டாக்டராகிவிட்டார்கள். பிராந்தி சூடு, புண்ணை ஆற்றும் என்றான் ஒருத்தன். வந்த ஆத்திரத்துக்கு நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. உண்மையைச் சொல்வதென்றால் நாக்கு ஊறியது. டம்ளரை எடுத்துவிட்டேன்.

பொம்பளைகள் எட்டிப் பார்க்காத அந்த மறைவுக்குள் அக்கா வந்தாள். வயிற்றைப் பிடித்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு காலி டம்ளரை மச்சானிடம் நீட்டினாள்.

"எனக்கும் ஊத்துங்க."

மச்சான் முகம் வெளிறிவிட்டது. "கூறுகெட்டவளே, குடிச்சா செத்துருவடி!"

"அவன் குடிச்சா மட்டும்? ரெண்டு பேத்துக்கும் ஒரே ஈரல். என் பாதிக்கு மட்டும் எதுக்கு விரதம்?" என் பக்கம் திரும்பினாள். "குடிலே. நீ ஒரு வாய், நான் ஒரு வாய்."

விளையாட்டில்லை. சின்ன வயதில் நான் கிணற்றில் விழுந்தபோது நீச்சல் தெரியாமலே பின்னால் குதித்தவள் அவள். டம்ளரைக் கருவேல வேரில் கவிழ்த்தேன். அவள் நீட்டிய கையை இறக்கவில்லை. மச்சான் பாட்டிலையும் அதே வேரில் கவிழ்க்க, பங்காளிகள் எழவு வீட்டைப் போல ஓலமிட்டார்கள். அப்புறம்தான் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்கிட்ட இருக்கிறத நான் பத்திரமா வச்சிருக்கேன்லே. ஒங்கிட்ட இருக்கிறத நீ வச்சுக்க மாட்டியா?"

அழுதுவிட்டேன், அத்தனை பங்காளிப் பயல்கள் முன்னாலும்.