கேலிக்குப் பின் ஒரு கேள்வி

அஸ்ட்ரிடா கசூபாவுக்கு மூக்கு நுனியில் கோபம். ஆலோசனை சொல்கிறவளுக்கு இது அழகா என்று கேட்கிறவர்கள் எங்கள் செம்புச் சுரங்க ஊரான லுவான்ஷ்யாவில் இருக்கிறார்கள். அப்படிக் கேட்டவர்களில் பாதிப் பேர் பிற்பாடு அவளிடமே வந்து அழுதவர்கள்தான். அதனால் நான் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

புருஷன் செத்த பிறகு அவளும் மாத்திரைக்காக க்ளினிக் வரிசையில் நின்றவள். முன்னால் நிற்கிறவளின் பிடரியைப் பார்த்தபடி பெண்கள் மனசில் உள்ளதையெல்லாம் சொல்லிவிடுகிறார்கள் என்பதை அங்கேதான் கவனித்தாள். க்ளினிக் சிஸ்டர் அவளைப் பயிற்சிக்கு அனுப்பி, பின்புறம் கிடந்த ஒரு பழைய இரும்புக் கன்டெய்னரையும் ஒதுக்கிக் கொடுத்தாள். அஸ்ட்ரிடா அதில் நாற்காலிகளை எதிரெதிரே போடவில்லை. பஸ்ஸில் இருப்பதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாள். பெண்கள் வந்து குவிந்தார்கள்.

ஆண்கள் வரவில்லை. சுரங்கம் மூடி, ஊரில் பாதி ஆம்பிளைகள் வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த காலம் அது. சிலர் கன்டெய்னர் வாசல்வரை வருவார்கள், மணி என்ன என்று கேட்பார்கள், போய்விடுவார்கள். நானும் அப்படி மணி கேட்டவன்தான்.

அவர்கள் வாயைத் திறக்கவைத்தவள் மலிட்டா ஜெரே. சந்தையில் தக்காளி விற்கிறவள், ங்கோனி இனத்துக்காரி. நாங்கள் பெம்பாக்காரர்கள். இரண்டு இனத்துப் பாட்டன்மாரும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள், அந்தப் பகை தீர்ந்து பேரப்பிள்ளைகள் நாங்கள் கேலி முறைக்காரர்கள் ஆகிவிட்டோம். அவர்கள் எலி தின்னிகள், நாங்கள் குரங்கு தின்னிகள். யார் என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எழவு வீட்டில்கூட கேலி செய்யாவிட்டால்தான் குற்றம். ஒரு வருஷமாக யாரிடமும் பேசாத ஒருவன், மலிட்டாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட சிரிப்போடு, அவள் கடையில் சாய்ந்து நின்று தன் மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததை அஸ்ட்ரிடா பார்த்தாள். ஆலோசகராக வருகிறாயா என்று அன்றைக்கே மலிட்டாவைக் கேட்டுவிட்டாள்.

அதன்பிறகு ஆண்களும் வரத் தொடங்கினார்கள். பெம்பா ஆளுக்கு ங்கோனி ஆலோசகர், ங்கோனி ஆளுக்குப் பெம்பா என்று அஸ்ட்ரிடா மாற்றி மாற்றிப் போட்டாள். ஒரு கன்டெய்னர் நாலாயிற்று. என்னையும் ஆலோசகனாகச் சேர்த்துக்கொண்டாள். புதிதாக வந்த ஆலோசகர்களைக் கோழி குஞ்சைக் காப்பதுபோல் காத்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் ஒரே சட்டியில் சோளக்களியும் பொடிமீனும் தின்போம். "கேட்டதை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க. இங்கேயே கொட்டிட்டுப் போங்க" என்பாள். புது ஆள் ஆரம்பத்தில் தனியாக யாரையும் பார்க்கக் கூடாது என்பதும் அவள் போட்ட சட்டம். மலிட்டாவுக்கு மட்டும் அந்தச் சட்டத்தைத் தளர்த்தினாள். அவ்வளவு கெட்டிக்காரி மலிட்டா.

கபெம்ப்வா என்று ஒரு பெம்பாக்காரர், மூடிய சுரங்கத்தில் ரயில் எஞ்சின் ஓட்டியவர். வாரம் தவறாமல் மலிட்டாவிடம் வருவார். கடைசியாக வந்தபோது வெளியே பெஞ்சில் இருந்த எனக்கே அவர்கள் பேச்சு கேட்டது.

"என்ன குரங்கு தின்னி, இன்னும் சாகலையா? உன் எழவுச் சோத்துக்காக நான் ரெண்டு நாளாப் பட்டினி கிடக்கேன்."

"இன்னும் கொஞ்சம் பட்டினி கிட எலிக்காரி. இந்த வாரமே போட்டுர்றேன்."

"கோழி அடிக்கச் சொல்லு. வெறும் கீரையைப் போட்டு ஏமாத்தாதே."

"உனக்குக் கோழி வேறயா? சரி, சொல்லிட்டுப் போறேன்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேலிக்குக் கேலி, அதைவிட நல்ல பதில் கிடையாது. சனிக்கிழமை அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். எங்கள் ஊரில் எந்தச் சொல்லையும் நிஜமாக எடுத்துக்கொள்ளக் கூடாத இடம் ஒன்றே ஒன்றுதான், இந்தக் கேலி. அந்த மனுஷன் நிஜத்தை அங்கே வந்து சொல்லியிருக்கிறார்.

மலிட்டா கடை திறக்கவில்லை. அஸ்ட்ரிடா என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

"அந்தக் கேலியைக் கன்டெய்னருக்குள்ள கொண்டாந்தது நான்டி. பழி எனக்கு. உனக்கில்ல."

"பழியை நீங்க வெச்சுக்குங்க அக்கா. அந்தச் சிரிப்பு என் காதுலதான் கேட்டுக்கிட்டு இருக்கு."

கேலி முறைக்காரி எழவுக்குப் போகாமல் இருக்க முடியாது. போனோம். எழவு வழக்கப்படி வீட்டுச் சாமான்களை வெளியே போட்டுவிட்டு, வெறும் தரையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள் கபெம்ப்வாவின் மனைவி ரெஜினா. இப்படிப்பட்ட சாவு என்பதால் வேறு எந்த ங்கோனிக்காரரும் அந்தப் பக்கம் வரவில்லை. மலிட்டா வாசலிலேயே நின்றாள். அவள் வாயிலிருந்து ஒரு கேலியும் வரவில்லை.

ரெஜினாதான் பேசினாள். "உனக்குக் கோழி போடச் சொன்னார். எதுக்குன்னு கேட்டேன், சிரிச்சார். அடிச்சு வெச்சிருக்கேன். உட்காரு, சாப்பிடு."

அதில் குத்தல் இருந்ததா, அன்பு இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ரெஜினாவுக்கே தெரிந்திருக்காது. மலிட்டா உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒவ்வொரு கவளத்தையும் விழுங்கினாள்.

திரும்பி வரும்போது சந்தைப் பக்கம் வந்ததும் மலிட்டா வாய் திறந்தாள். "அடுத்த எழவு எங்க பக்கம்தான் அக்கா. உங்க குரங்குக் கூட்டத்தை வரச் சொல்லுங்க. கடனைத் தீர்த்துர்றேன்."

எனக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அந்த அளவுக்குப் பழகிப் போன வாய். அஸ்ட்ரிடா நின்றுவிட்டாள்.

"இது கேலியா, நிஜமா?"

மலிட்டா திறக்காத தன் கடையைப் பார்த்தாள்.

"மலிட்டா, நீ சாகணும்னு நினைக்கிறியா?"

எங்கள் பேச்சில் இப்படிக் கேட்பது சாபம் விடுவதற்குச் சமம். பக்கத்தில் நிலக்கடலை விற்றுக்கொண்டிருந்தவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். எனக்கே, இவளுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று தோன்றியது.

"ஆமா" என்றாள் மலிட்டா. "அன்னைக்கிலேருந்து."

அஸ்ட்ரிடா அவள் கையைப் பிடித்தாள். தன் வீடு போய்ச் சேரும்வரை விடவில்லை.

இப்போது எங்கள் கன்டெய்னர்களில் கேலி உண்டு, ஆனால் சிரித்து முடித்ததும் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். சாபம் விடுகிற இடம் என்று சொல்லிச் சில பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஆலோசகர்களில் இருவர் விலகினார்கள். அஸ்ட்ரிடா கத்தினாள், கெஞ்சவில்லை. புதிதாக வருகிற ஆலோசகர் ஒவ்வொருவரையும் முதல் நாளே தன் முன்னால் நிறுத்தி, தன்னிடமே அந்தக் கேள்வியைக் கேட்கவைக்கிறாள். சிலருக்கு நாக்கு எழ ஒரு பொழுதாகிறது.

மலிட்டாவை என்னிடம் ஒப்படைத்திருக்கிறாள். நான் பெம்பாக்காரன், அவளைக் கேலி செய்ய எனக்கு முழு உரிமை உண்டு. ஒரு கேலிகூட வாயில் வருவதில்லை. அவளும் என்னைக் குரங்கு என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். அண்ணே என்கிறாள், எனக்கு அது வலிக்கிறது. தக்காளி விலையைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம், பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்பேன்.

"இன்னைக்கு இல்ல அண்ணே" என்பாள். அதற்குமேல் நான் எதுவும் கேட்பதில்லை. அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வருகிறாள் என்று மட்டும் கேட்டு அனுப்புவேன்.