தட்டணுவுக்குக் காத்திருந்த காதுகுத்து

கீழக்குயில்குடியில் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டும் முத்திருளனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பதவிதான் உண்டு. அஸ்வினியின் தாய்மாமன்! அந்தப் பதவியை அடக்கி வாசிக்கிற ஆள் இல்லை அவர். தங்கை தாமரைச்செல்விக்குப் பெண் பிறந்த செய்தி கேட்டு, பாதி செங்கலை இறக்காமலேயே வண்டியோடு கோச்சடைக்குப் பறந்தவர். அப்படிப்பட்டவரிடம், மூன்று வயதில் பிள்ளைக்குக் காதுகுத்து என்று சொன்னால் கேட்கவா வேண்டும்? இரண்டு கிடாய், ஐம்பத்தொரு சீர்த்தட்டு, அய்யனார் கோயில் வாசலையே மறைக்கிற மாதிரி ஒரு ஃபிளெக்ஸ். ஃபிளெக்ஸில் பிள்ளையைவிட மாமன் பெரிதாக இருந்தார்.

விசேஷத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, பட்டுப்பாவாடையை அளவு பார்க்கப் பிள்ளையைத் தூக்கியவர் அதிர்ந்துபோனார். காலெல்லாம் நீலம் நீலமாகக் கன்றியிருந்தது.

"பிள்ளய அடிச்சியா மாப்ள?" என்று தங்கை கணவன் சூரியபிரகாஷின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"எம்பிள்ளய நான் அடிப்பனா மச்சான்? ரெண்டு நாளா இப்புடித்தான் இருக்கு. எங்கயும் விழுகக்கூட இல்ல."

பிடித்த சட்டையை விடுவதற்குள் பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் கொட்டத் தொடங்கியது. அரைமணி நேரமாகியும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கசியும் ரத்தத்தை அடைத்து நிறுத்துகிற தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். அஸ்வினிக்கு இருந்தது எட்டாயிரம்.

தட்டணு குறைந்தால் நம்மூரில் டெங்கு என்றுதான் அர்த்தம். முத்திருளனும் ஊரிலிருந்த பப்பாளி மரங்களை மொட்டையடித்து இலையைச் சாறு பிழிந்தார். அது போதாதென்று பதினொரு இளவட்டங்களைக் குட்டியானையில் ஏற்றி வந்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார்.

"எம்புட்டு ரத்தம் வேணும்னாலும் எடுத்துக்கங்க டாக்டரம்மா!"

டாக்டர் வசுந்தரா வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரை உட்கார வைத்தார். "இது டெங்கு இல்லண்ணே. உடம்பக் காவல் காக்குற எதிர்ப்பு சக்தியே தட்டணுவ எதிரின்னு நெனச்சு அதுமேல அடையாளம் போட்டுருது. அடையாளம் பட்டத மண்ணீரல் அழிச்சிருது. எலும்பு மஜ்ஜையில தட்டணுவ உண்டாக்குற செல்களயும் அந்த எதிர்ப்பு சக்தி விட்டுவைக்கிறதில்ல. அதனால புதுசா வர்றதும் குறைஞ்சுபோகுது. நீங்க குடுக்குறத ஏத்துனாலும் அதயும் சேத்து அழிச்சிரும். உயிருக்கு ஆபத்தா ரத்தம் போனாத்தான் ஏத்துவோம்."

முத்திருளன் அதைத் தன் கணக்கில் புரிந்துகொண்டார். "அப்ப ஆள் சேத்துப் பிரயோசனமில்ல. அடிக்கிறவன அடக்கணும்."

"அதேதான்! அதுக்குத்தான் மாத்திரை. நெறைய பிள்ளைகளுக்குச் சில மாசத்துல சரியாயிரும். அதுவரைக்கும் காது குத்தவே கூடாது."

சூரியபிரகாஷின் சித்தப்பா அழகுபாண்டி இதைக் கேட்டுக் குதித்தார். "கிடா வாங்கியாச்சு, ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. ஒரு ஊசிக் குத்துக்கு இம்புட்டு ரோசனையா? ஆசாரியக் கூப்புடுங்கப்பா!"

இந்த விசேஷத்துக்கு முத்திருளனைவிட ஆசைப்பட்டவர் யாருமில்லை. அவர்தான் எழுந்து நின்றார். "எம்மடியில வச்சுத்தான குத்தணும்? மடி தரமாட்டேன். என்ன செய்வீக?" என்றவர், நேராகக் கோயிலுக்குப் போய் ஃபிளெக்ஸைத் தன் கையாலேயே இறக்கினார். இறக்கும்போது அழுதார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு பத்து மாதம். மாத்திரையில் பிள்ளையின் கன்னம் உப்பியது. மற்றவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பார்கள், இவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடி, "இன்னிக்கு எம்புட்டுத்தா?" என்று தங்கையைக் கேட்பார். இருபதாயிரம். எழுபதாயிரம்! மறுபடியும் முப்பதாயிரம். பாவி தட்டணு, மனிதரை என்ன பாடு படுத்தியது! கடைசியில் மாத்திரையையும் நிறுத்தி, மூன்று மாதம் எண்ணிக்கை இறங்காமல் நின்றபோதுதான் டாக்டரம்மா சொன்னார்: "ஒரு லட்சத்து அறுபதாயிரம். குத்திக்கங்க. குத்துன எடத்த அஞ்சு நிமிசம் பஞ்ச வச்சு அழுத்திப் பிடிங்க." அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் வரைக்கும் ஆரன் அடித்துக்கொண்டே போனார் முத்திருளன்.

கோயிலில் கூட்டம் நெரிந்தது. மொட்டையும் சந்தனமுமாக அஸ்வினி மாமன் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி குத்தினார். பிள்ளை வீரிட்டாள். காது மடலில் ஒரு சொட்டு ரத்தம் துளிர்த்தது. கொட்டுக்காரர்கள் தாங்களாகவே மேளத்தை நிறுத்தினார்கள். முத்திருளன் பஞ்சை வைத்து அழுத்தினார். சூரியபிரகாஷ் செல்போனைப் பார்த்து நிமிடம் சொன்னான். மூணு. நாலு. அஞ்சு.

பஞ்சை எடுத்தார். பஞ்சில் கடுகளவு சிவப்பு. காதில் ஒன்றுமில்லை.

"நின்னுருச்சு!" என்று தாமரைச்செல்வி போட்ட கூச்சலில் குலவைச் சத்தம் கோயிலுக்குப் பின்னாலிருந்த மலைவரைக்கும் போனது. ஆசாரி அடுத்த கம்மலை எடுத்துக்கொண்டு மறுகாதுப் பக்கம் வந்தார்.

முத்திருளன் கையை நீட்டித் தடுத்தார். "கொஞ்சம் இருங்க ஆசாரி. இந்தக் காத இன்னொருக்கப் பாத்துக்கிறேன்."