கடல்கன்னியை மறைக்காத வக்கீல்

எங்கள் ஏரிக்கரை ஊரான போர்ட்டோ லெம்பீராவில் வக்கீல் போர்டு மாட்டியவர்கள் மூன்று பேர். ஒருவர் பாதி வருசம் தலைநகரிலேயே கிடப்பார். பெண்டாட்டிக்குப் பயந்துதான் என்பது என் மச்சினியின் தீர்ப்பு. இன்னொருவர் கப்பல் முதலாளிகளின் சோறு சாப்பிடுகிறவர். மிச்சம் டொர்காஸ் லக்குத். தேங்காய் ரொட்டி சுட்டு விற்றபடியே, நாற்பது வயசுக்கு மேல் சட்டம் படித்து முடித்த, எங்கள் மிஸ்கிட்டோ இனத்துக்காரி. இன்றைக்கும் அவள் அலுவலகத்தில் அடிப்பது ரொட்டி வாசனைதான்.

அவளைத் தேடி வருகிறவர்கள் சிங்கி இறால் பிடிக்க கடலில் முக்குளித்துக் கால் விளங்காமல் போனவர்கள். ஆழத்தில் நெடுநேரம் கிடந்துவிட்டு வெடுக்கென்று மேலே வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டும் என்கிறார் டாக்டர். எங்கள் ஆட்களைக் கேட்டால், லீவா அடித்துவிட்டாள் என்பார்கள். லீவா என்றால் கடல்கன்னி. இறாலெல்லாம் அவள் சொத்து. அளவுக்கு மீறி எடுத்தால் கோபம் வரும்.

எவரிஸ்டோவுக்கும் அப்படித்தான் ஆனது. இளவட்டம், இடுப்புக்குக் கீழே மரக்கட்டை. நஷ்ட ஈடு கிடைத்தால்தான் சிகிச்சைக்கு லா செய்பா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக முடியும். முதலாளி தரப்போ, கப்பல் கேப்டன் வேண்டாம் என்று தடுத்தும் இவனே ஆசைப்பட்டு இறங்கினான் என்று சாதித்தது.

விசாரணைக்கு அவனைத் தூக்கிப் படகில் ஏற்றிக்கொண்டு போனது நான்தான். டொர்காஸும் கூட வந்தாள். ஏரியில் படகு ஓட்டுகிற உடம்பு, வேறு எதற்கு ஆகும்? வழியெல்லாம் அவன் மனைவி நெலினா கெஞ்சினாள்.

"அங்க வந்து லீவா கீவான்னு வாயத் தொறக்காதய்யா. அப்படிச் சொல்லித்தான் முன்னாடி போனவனுங்க கேஸெல்லாம் ஊத்திக்கிச்சு."

"பின்ன, பொய் சொல்லச் சொல்றியா? அவ கேட்டுக்கிட்டே இருப்பாடி!"

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க."

"எதுக்குடி மறைக்கணும்? நடந்தத நடந்தபடி சொல்லட்டும்," என்றாள் டொர்காஸ்.

தொழிலாளர் அதிகாரி முன்னால், முதலாளியின் வக்கீல் தேன் தடவிய குரலில் கேட்டார்: "தம்பி, ஒன்ன இந்தக் கதிக்கு ஆளாக்குனது யாரு?"

"லீவாதாங்க. தோள்ல அடிச்சா."

"ஐயா, அந்தம்மா எங்க கம்பெனில வேல பாக்கல," என்றார் வக்கீல். கேப்டன் தொடையைத் தட்டிச் சிரித்தார். நெலினா தலையில் கை வைத்தாள்.

டொர்காஸ் எழுந்தாள்.

"அவ எதுக்கு அடிச்சா எவரிஸ்டோ?"

"நெறய எடுத்துட்டேன்ல அக்கா."

"அடி விழுந்ததும் என்ன செஞ்ச?"

"மேல வந்து கேப்டன்கிட்டச் சொன்னேன். தோளு கழண்டுபோற மாதிரி வலிக்குது, லீவா அடிச்சிட்டா, இனிமே எறங்க மாட்டேன்னேன்."

"அதுக்கு அவரு?"

"அவகிட்டயே கேட்டு இன்னும் ரெண்டு கூடை வாங்கிட்டு வாடா, இல்லன்னா சோறு கெடையாதுன்னாரு. எறங்குனேன். ரெண்டாவது அடி இடுப்புல."

"பொய்!" கேப்டன் துள்ளி எழுந்தார். "சோத்தப் பத்தி நான் பேசவே இல்ல! கூடை வாங்கிட்டு வாடான்னு வெளையாட்டுக்குச் சொன்னேன். வலிக்குதுன்னு இவனுங்க எப்பவும் பொலம்புறதுதானே!"

வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அதிகாரி அதற்குள் எழுத ஆரம்பித்துவிட்டார்.

"வலின்னு அவன் சொன்னது நெசம், இவரு திருப்பி அனுப்புனதும் நெசம். இதுக்கு மேல எனக்குக் கேள்வி இல்லைங்க ஐயா," என்று டொர்காஸ் உட்கார்ந்தாள்.

சிகிச்சைச் செலவும் மாதாமாத உதவித்தொகையும் முதலாளி தலையில் விழுந்தன.

திரும்பும்போது படகில் டொர்காஸிடம் கேட்டேன். "அவன் லீவான்னு ஒளறுவான்னு தெரிஞ்சும் எப்படி விட்ட?"

"லீவா அடிச்சா நம்மாளு மொதல்ல என்ன பண்ணுவான்? கேப்டன்கிட்டப் போயிச் சொல்லுவான். அவள மறைக்கச் சொன்னா அதுவும் சேந்து மறஞ்சிரும். முன்னாடி போனவனுங்க லீவான்னதோட நிறுத்திட்டானுங்க, கேப்டன்கிட்டச் சொன்னத யாரும் கேக்கல. தோத்ததே அதுலதான்."

மறுநாள் விடிந்ததும் அவள் வாசலில் கைத்தடிகளும் தள்ளுவண்டிகளுமாய்க் கூட்டம். ஆளாளுக்கு லீவா கதையைக் கூவினார்கள். பல்வலிக்காரன் ஒருவனும் தன்னை லீவாதான் அடித்தாள் என்று வரிசையில் நின்றான். அவனுக்கு ஒரு ரொட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, டொர்காஸ் முதல் ஆளைக் கேட்டாள்:

"மேல வந்ததும் யாருகிட்டச் சொன்ன?"